வைஃபை அனலைசர்: அருமையான செயலி, ஆனால் முதலில் போனில் ஒன்றை அணைத்துவிடுங்கள்

அக்கா வீட்டின் பின்னறையில் வைஃபை சரியாக வருவதில்லை, பையனின் ஆன்லைன் டியூஷன் அடிக்கடி பாதியில் நின்றுபோகிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். இதற்கெல்லாம் நான் வழக்கமாகத் திறப்பது வைஃபை அனலைசர். இதே பெயரில் ஆண்ட்ராய்டில் ஏகப்பட்ட செயலிகள் கிடக்கின்றன. நான் சொல்வது விஆர்இஎம் சாஃப்ட்வேரின் ஓப்பன் சோர்ஸ் செயலியை. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, இணைய அனுமதிகூடக் கேட்பதில்லை. அக்கம்பக்கத்து நெட்வொர்க் ஒவ்வொன்றும் எந்தச் சேனலில் (வைஃபை ஓடும் அலைவரிசைத் தடம்), எவ்வளவு வலுவாக, எவ்வளவு அகலத்தில் ஓடுகிறது என்று பட்டியலாகவும் வரைபடமாகவும் காட்டும். லொக்கேஷன் அனுமதி மட்டும் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் பட்டியல் காலியாகத்தான் இருக்கும். அது ஆண்ட்ராய்டின் விதி, செயலியின் தப்பில்லை.

ஹாலில் ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன், மைனஸ் 48 டிபிஎம். டிபிஎம் என்பது சிக்னல் வலுவின் அளவு, மைனஸுக்குப் பின்னால் வரும் எண் சின்னதாக இருந்தால் வலு அதிகம். இது நல்ல சிக்னல். அப்படியே போனைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறையைத் தாண்டிப் பின்னறைக் கட்டில் வரை நடந்தேன். மைனஸ் 48. கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன், அப்போதும் மைனஸ் 48. சரி, சிக்னலில் குறை இல்லை, பையனின் டேப்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதை எடுத்து நெட்வொர்க் செட்டிங் எல்லாவற்றையும் அழித்து, திரும்ப பாஸ்வேர்டு போட்டு, அப்டேட் செய்து, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போய்விட்டது. அக்கா வாசலில் நின்றபடி, "டேப்ல ஒண்ணும் இல்லடா, இந்த ரூமுக்குள்ள வந்தாத்தான் இப்படி ஆகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னதுதான் சரி.

டேப்பை வைத்துவிட்டு மறுபடி செயலியைத் திறந்து, கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் சட்டென்று மைனஸ் 78க்கு விழுந்தது. 30 டெசிபல் வித்தியாசம் என்றால் வந்து சேரும் சக்தி ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாதவனுக்கு அப்படி ஆகாது. அப்போதுதான் உறைத்தது, நான் நடந்தபோது பார்த்த எண்கள் பின்னறையில் அளந்தவையே இல்லை, ஹாலில் எடுத்த பழைய அளவுதான் திரையில் நின்றிருந்தது.

உறுதிப்படுத்திக்கொள்ள அக்காவின் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். பட்டியலில் அது வரவே நேரம் எடுத்தது. வந்ததும் அணைத்தேன். அணைத்து ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியும் அதே பெயர் அதே வலுவோடு உட்கார்ந்திருந்தது. உங்கள் போனிலும் இதைச் செய்து பாருங்கள், ரெண்டு நிமிட வேலைதான்.

காரணம் இதுதான். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9இலிருந்து, திரையில் திறந்திருக்கும் ஒரு செயலி 2 நிமிடத்துக்கு 4 தடவைதான் ஸ்கேன், அதாவது சுற்றியுள்ள நெட்வொர்க்குகளைப் புதிதாகத் தேடச் சொல்லி, கேட்க முடியும். ஐந்தாவது தடவை கேட்டால் சிஸ்டம் மறுத்துவிடும், ஆனால் பட்டியலைக் கேட்டால் கையிலிருக்கும் பழையதை எடுத்துக் கொடுத்துவிடும். நான் 5 நொடிக்கு ஒரு ஸ்கேன் என்று வைத்திருந்தேன். அப்படியென்றால் முதல் 20 நொடியிலேயே நாலும் தீர்ந்துவிடும், மிச்சம் 100 நொடிக்கு, நடுவில் போன் தன் தேவைக்கு ஸ்கேன் செய்தாலொழிய, திரையில் இருப்பது பழைய கணக்குதான். பேட்டரி சீக்கிரம் தீரக்கூடாது என்பதற்காக வைத்த கட்டுப்பாடு, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் நடந்து அளக்கிறவனுக்கு இது பெரிய இடி.

ஆண்ட்ராய்டு 10 முதல் இதை அணைக்க வழி இருக்கிறது. செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய் பில்டு நம்பரை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதற்குள் 'வைஃபை ஸ்கேன் த்ராட்லிங்' என்று இருக்கும், அதை அணையுங்கள். நான் அணைத்ததும் செயலியே வேறு ஆளாக மாறிவிட்டது. ஹாலில் மைனஸ் 48, சமையலறை வாசலில் 59, பின்னறைக் கதவில் 70, கட்டிலில் 78 என்று எண் கூடவே நடந்து வந்தது. எந்தச் சுவர் சிக்னலைத் தின்கிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

இன்னும் ரெண்டு இடத்தில் கவனம் வேண்டும். பட்டியலில் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் பக்கத்தில் ஒரு தூரம் காட்டும், அதை நம்பாதீர்கள். நடுவில் எதுவுமே இல்லாத திறந்தவெளி என்று எடுத்துக்கொண்டு, சிக்னல் வலுவை வைத்துப் போடும் கணக்கு அது. பத்து மீட்டர்கூட இல்லாத பின்னறையில் நின்றால் 70 மீட்டருக்கு மேல் என்கிறது. அப்புறம், எந்தச் சேனல் நல்லது என்று நட்சத்திரம் போடும் பக்கம். அது எத்தனை நெட்வொர்க் இருக்கிறது, எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைப் பார்ப்பதே தவிர, யார் எவ்வளவு டேட்டா ஓட்டுகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது, மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் அதன் கண்ணிலேயே படாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ ஓட்டிப் பார்ப்பதே மேல்.

செயலிக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. லினக்ஸ் கம்ப்யூட்டரில் 'ஐடபிள்யூ' என்ற கட்டளையால் ஸ்கேன் செய்தால், ஒவ்வொரு நெட்வொர்க்கையும் கடைசியாக எத்தனை மில்லிசெகண்டுக்கு முன் கேட்டது என்று அதன் கீழேயே அச்சிட்டுவிடும். அந்த ஒரு எண் இங்கேயும் பட்டியல் வரியில் டிபிஎம்முக்குப் பக்கத்தில் இருந்திருந்தால், பாவம் அந்த டேப்பை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன். ரூட்டரை ஹால் மூலையிலிருந்து எடுத்து சமையலறை வாசலுக்கு மேலே பரண் ஓரத்தில் வைத்தோம், பின்னறைக் கட்டிலில் இப்போது மைனஸ் 63 வருகிறது, திங்கட்கிழமை டியூஷன் ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று அக்கா போன் செய்தாள்.