ரவான் செகாவா, ஓட்டல் செகாவா?

அக்கா மகள் கல்யாணத்துக்கு முந்தின இரவு எந்த செகா வைப்பது என்று மொரீஷியஸில் எங்கள் ரோஸ் ஹில் வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு. செகா இந்தத் தீவின் பாட்டும் ஆட்டமும்.

ஓட்டல் செகா என்றால் கிட்டார், கீபோர்டு, பூப்போட்ட பாவாடைச் சுழற்சி. சொன்ன நேரத்துக்கு முடியும். மாமாவுக்கு அதுதான் 'டீசன்ட்'.

ரவான் செகா அப்படியில்லை. ரவான் என்பது ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய அகலமான வட்டப் பறை. அடிக்கும் முன் தீயில் காட்டி விறைப்பேற்ற வேண்டும். நம் தப்புப் பறையும் இப்படித்தானே காயும்? கூடவே விதைகள் குலுங்கும் மரவான், முக்கோணக் கம்பி. ஆடுபவர் பாதம் தரையை விட்டு எழாது, இடுப்புதான் பேசும். கரும்புத் தோட்ட அடிமைகளின் பாட்டு இது. அடிமை முறை 1835இல் ஒழிந்தது, இளக்காரம் ஒழியவில்லை. 'குடிகாரர் ஆட்டம்' என்பார் பெரியம்மா. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் 'நம்ம தீவுப் பெருமை' என்றவரும் அவரேதான்!

தப்பை வாசலுக்கு வெளியே நிறுத்திய அதே கணக்குதான் இதிலும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் ரவானுக்கே கை தூக்கினேன். கொல்லையில் தீ மூட்ட இடம் பார்த்தாயிற்று, காய்ந்த கரும்புத் தோகைதான் இன்னும் வந்து சேரவில்லை.