விழித்திரைப் படம் மங்கினால்: துடைப்பதா, சொட்டு விடுவதா, கேமராவை மாற்றுவதா?

விழித்திரைப் படம் மங்கலாக விழுந்தால் கேமரா அறையில் மூன்று யோசனைகள் வரும். லென்ஸைத் துடைக்கலாம் என்பார் ஒருவர். சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை, அதாவது ஒளி உள்ளே போகும் கண்ணின் நடுத்துளையை, விரிய வைக்கலாம் என்பார் இன்னொருவர். இந்தக் கேமராவே சரியில்லை, வேறு வாங்க வேண்டும் என்பார் மூன்றாமவர். மூன்றும் பலிக்கும்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறுக்கு மருந்து. தினமும் இந்தப் படங்களோடு இருப்பவர்கள்கூட இதைக் குழப்பிக்கொண்டு, அழுக்கு லென்ஸுக்காக நோயாளியின் கண்ணில் சொட்டு விடுவதைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை.

முதலில் துடைப்பது. செலவில்லாத வழி, ஆனால் கோளாறு லென்ஸில்தானா என்று தெரிந்த பிறகு துடைக்க வேண்டும். வலது கண் படத்தையும் இடது கண் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கடிகாரத்தின் 2 மணி இருக்கும் இடத்தில் அதே வெண்மைத் திட்டு, அதே அளவில் இருந்தால் அது விழித்திரையில் இல்லை, முன் லென்ஸில் இருக்கிறது. இன்னும் சந்தேகமா? எதிரே ஆள் இல்லாமல், அறையை இருட்டாக்கி ஒரு படம் எடுங்கள். கறுப்பாக விழ வேண்டிய படத்தில் வெண்புள்ளிகள் மிதந்தால் லென்ஸில் தூசியோ, மூக்கு பட்ட கறையோ, தெறித்த கண்ணீரோ இருக்கிறது. இதை அலட்சியமாக விடக்கூடாது. ஓரம் கலங்கிய வெண்திட்டு, நீரிழிவு விழித்திரையில் வரும் பஞ்சு போன்ற திட்டு மாதிரியே தெரியும். நோயே இல்லாதவரை மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிடும்.

துடைக்கும்போது முதலில் காற்று ஊதும் ரப்பர் பந்தால் தூசியை அகற்ற வேண்டும். அப்புறம்தான் லென்ஸ் திரவம் தொட்ட லென்ஸ் தாளால், நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைப்பது. தூசியோடு தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். படத்தில் இருப்பது சிறிய, கூர்மையான கரும்புள்ளி என்றால் அது பெரும்பாலும் உள்ளே, சென்சார் பக்கம் இருக்கும். அதை நாம் திறக்கக்கூடாது, சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டும்.

அடுத்து சொட்டு மருந்து. சொட்டைக் கையில் எடுப்பதற்கு முன் படத்தின் ஓரத்தைப் பாருங்கள். ஃபிளாஷ் கேமராவில் ஒளி வளையமாகப் பாப்பாவின் விளிம்பு வழியே உள்ளே போகிறது, படம் நடு வழியே வெளியே வருகிறது. இரண்டும் கலந்தால் பனி போல் வெளுப்பு வரும். ஒரு பக்கம் மட்டும் பிறை போல வெளுத்தால் கேமரா பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. சுற்றிலும் நீலம் கலந்த வெளுப்பு என்றால் கண்ணுக்கும் கேமராவுக்கும் உள்ள தூரம் சரியில்லை. இரண்டுக்கும் ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் போதும். ஓரம் வெளுக்காமல் இருண்டு நிழல் விழுந்தால்தான் பாப்பா சிறியது என்று சந்தேகப்பட வேண்டும். சொட்டு விடாமல் எடுக்கும் பல கேமராக்களுக்குப் பாப்பா 4 மில்லிமீட்டர் அளவாவது விரிந்திருக்க வேண்டும்.

முதல் கண் நன்றாக விழுந்து இரண்டாவது கண் இருண்டதா? முதல் ஃபிளாஷ் இரண்டு பாப்பாக்களையும் சுருக்கிவிட்டது. இருட்டில் இரண்டு மூன்று நிமிடம் உட்கார வைத்து மறுபடி எடுங்கள். இந்தப் பொறுமை இல்லாமல்தான் பல கண்களுக்குத் தேவையில்லாமல் சொட்டு போகிறது. பாப்பாவை விரிக்கும் ட்ரோபிகமைடு சொட்டு விட்டால் 20 முதல் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், அப்புறம் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கி வெளிச்சம் கூசும். முன்கோணம் (கண்ணின் உள்நீர் வடியும் இடம்) குறுகிய கண்ணில் திடீர் அழுத்த உயர்வுக்கும் அரிதாக வழி உண்டு.

இங்கிலாந்தின் நீரிழிவு விழித்திரைப் பரிசோதனைத் திட்டம் வழக்கமாகவே சொட்டு விட்டுக் கண்ணுக்கு இரண்டு படம் எடுக்கும் முறையைக் கட்டமைத்தது. ஸ்காட்லாந்து திட்டம் முதலில் சொட்டில்லாமல் ஒரு படம், அது தேறாவிட்டால் சொட்டு, அதுவும் தேறாவிட்டால் கண்ணை நுண்ணோக்கியில் நேரில் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் பரிசோதனை என்று படிப்படியாகப் போனது. இரண்டில் எனக்கு ஸ்காட்லாந்தின் வழியே பிடிக்கும். ஆனால் வயதான, பல வருட நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாப்பா இயல்பாகவே சிறுத்திருக்கும். அவர்களிடம் ஐந்து ஃபிளாஷ் அடித்துக் கண்ணைக் கூச வைப்பதைவிட, முன்கோணம் குறுகியதா என்று பார்த்துவிட்டு நேரடியாகச் சொட்டு விடுவதே நல்லது.

கேமராவை மாற்றுவது மூன்றாவது வழி. முழுப் படமும் ஒரே சீராகப் பனி மூடியது போல இருந்து, துடைத்தும் நகர்த்தியும் மாறாவிட்டால் அது பெரும்பாலும் கண்புரை. சொட்டு விட்டால் தெளிவான ஒரு சந்து கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஃபிளாஷுக்குப் பதில் லேசர் கதிரை ஓட்டிப் படமெடுக்கும் ஸ்கேனிங் லேசர் கேமரா இங்கே உண்மையிலேயே மேல். சிதறி வரும் ஒளியை ஒரு சின்னத் துளை தடுத்துவிடுவதால் புரைக்குப் பின்னாலும் படம் துலங்கும். சில அகன்ற கோண வகைகள் 2 மில்லிமீட்டர் பாப்பாவிலேயே சுமார் 200 டிகிரி காட்டும். சாதாரணக் கேமராவில் பெரும்பாலும் 45 டிகிரிதான்.

ஆனால் அதற்கும் தனிக் கோளாறுகள் உண்டு. பல வகைகளில் நிறம் சிவப்பும் பச்சையுமான இரண்டு லேசரில் உருவாகிறது, அது இயற்கை நிறம் அல்ல. பார்வை நரம்புத் தட்டு (நரம்பு கண்ணுக்குள் தெரியும் வட்டம்) வெளுத்திருக்கிறதா என்று அதை நம்பி நான் சொல்ல மாட்டேன். கீழ் இமைமுடி படத்தின் அடியில் கோடு கோடாகக் குறுக்கிடும், ஓரங்கள் இழுபட்டுத் தெரியும். வரிவரியாக ஸ்கேன் செய்வதால் கண் அசைந்தால் இரத்தக்குழாய் நடுவில் முறிந்தது போல வரும். ஃபிளாஷ் கேமரா அந்த அசைவை ஒரு நொடியின் சின்னத் துணுக்கில் உறைய வைத்துவிடும். ஆக, புரை நோயாளிகள் அதிகம் வரும் இடத்துக்கு லேசர் கேமரா சரி. லென்ஸ் துடைக்கச் சோம்பல்படும் இடத்துக்கு எந்தக் கேமரா வந்தும் பயனில்லை.

கையடக்கக் கேமரா படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கும் குழந்தைக்கும் உதவும். தெளிவில் மேசைக் கேமராவுக்கு ஈடாகாது.

எந்த வழியில் போனாலும், படம் தேறவில்லை என்றால் ‘புரை’, ‘சிறிய பாப்பா’ என்று காரணத்தைப் பதிவில் எழுதி, அன்றைக்கே மருத்துவர் நேரில் பார்க்க அனுப்புங்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டால், அடுத்து கோப்பைத் திறப்பவர் கண்ணில் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்.