மதிப்பெண்ணா, விமர்சனமா?

ஒரு புகைப்படத்துக்குப் பத்துக்கு ஆறு என்று போட்டுவிடலாம். நூற்றுக்கணக்கில் படங்கள் குவியும் போட்டியில் வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த ஆறு, எடுத்தவருக்கு எதையும் சொல்லாது.

விமர்சனம் அப்படியல்ல. "மங்கலாக இருக்கிறது" என்று நிறுத்தாமல் காரணத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். முகம் மங்கி, பின்சுவர் துல்லியமாக விழுந்திருந்தால் ஃபோகஸ் பிசகியிருக்கிறது. படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது, தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டரை, அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை, 1/200 நொடி அல்லது அதைவிட வேகமாக வைக்கச் சொல்லலாம். தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருக்கிறதா? ஓரடி நகர்ந்தால் போதும்.

வெறும் "அருமை"யும் என் கணக்கில் மதிப்பெண்தான், எண் மட்டும் இல்லை. கற்றுக்கொள்பவருக்கு நான் இரண்டையும் தரமாட்டேன்.