அமெரிக்க உள்நாட்டுப் போர்: புத்தகம் சேர்ப்பதா, காமிக்ஸா, படமா?

மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் பார்த்துவிட்டு, இப்போது காசையும் அலமாரியையும் பெரும்பாலும் புத்தகத்துக்கே ஒதுக்கிவிட்டேன். ஆழம், அடிக்குறிப்பு, வரைபடம் எல்லாம் புத்தகத்தில்தான் அதிகம் என்பது தெரிந்த கதை. என்னைச் சாய்த்தது பராமரிப்பு.

நான் இருப்பது வர்ஜீனியாவில். மனாசஸ், ஃபிரெடரிக்ஸ்பர்க் போர்க்களங்கள் எல்லாம் இந்த மாநிலத்தில்தான். நூலகங்கள் கழித்துவிடும் கெட்டி அட்டைப் புத்தகங்கள் ஓரிரு டாலருக்கே கிடைக்கும். ஆனால் கோடையில் பேஸ்மென்ட்டில் ஏறும் ஈரம் காகிதத்துக்கு எமன். அதனால் வாங்கும்முன் பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டி, வட்டத்துக்குள் ∞ குறி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அமிலம் இல்லாத காகிதம், சீக்கிரம் பழுக்காது. 1980களின் நடுவிலிருந்து வந்த பல புத்தகங்களில் இந்தக் குறி உண்டு. அவற்றைச் சுவரை ஒட்டாமல், வெயில் படாமல் நிறுத்தி வைத்தால் போதும். எதில் தொடங்குவது என்றால், ஜேம்ஸ் மெக்ஃபெர்சனின் ‘பேட்டில் க்ரை ஆஃப் ஃப்ரீடம்’. 1989இல் புலிட்சர் பரிசு வாங்கியது. ஒரே தொகுதியில் முழுப் போரும் அடங்கும்.

காமிக்ஸில் ஆசை காட்டுபவர் ஹார்வி கர்ட்ஸ்மன் என்ற அமெரிக்கக் காமிக்ஸ் எழுத்தாளர், ஓவியர். உள்நாட்டுப் போருக்கென்றே இ.சி. காமிக்ஸ் பதிப்பகத்தில் ஏழு சிறப்பிதழ்கள் திட்டமிட்டார். 1950களின் தொடக்கத்தில் மூன்று மட்டுமே வந்தன. அச்சடித்ததோ மலிவான மரக்கூழ்த் தாள். வெளிச்சம் பட்டால் பழுப்பேறும், ஓரம் பொடியும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறை, அமிலமில்லா அட்டை, பெட்டி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் என்று செலவு நீண்டுகொண்டே போகும். வேடிக்கை என்னவென்றால், போர்க்காலத்து ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழ்கள் கந்தல் துணிக்கூழ்க் காகிதம் என்பதால் இவற்றைவிட வெள்ளையாக இருக்கின்றன! கதைதான் வேண்டுமென்றால் கெட்டி அட்டை மறுபதிப்பு வாங்கலாம். அப்போது அதுவும் புத்தகக் கணக்கில்தான் சேரும். தரம் மதிப்பிட்டு உறையிட்ட பழைய இதழ்கள் நல்ல விலைக்குப் போகும் என்கிறார்கள். நான் ஒன்றைக்கூட விற்றதில்லை, அதனால் மறுவிற்பனை பற்றி என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம்.

படங்களில் கென் பர்ன்ஸின் 1990 ஆவணத் தொடர் கட்டாயம் வேண்டும். 2015இல் புதுப்பித்த பதிப்பையே வாங்குங்கள். ‘குளோரி’ (1989) அருமையான படம். ஆனால் அது சொல்லும் 54ஆவது மாசசூசெட்ஸ் என்ற வடதரப்புக் கறுப்பினப் படைப்பிரிவில் பெரும்பாலோர் தப்பி வந்த அடிமைகள் என்பது போலக் காட்டுகிறது. நிஜத்தில் அதிகம் பேர் வடக்கே சுதந்திரமாக வாழ்ந்தவர்கள். அதே படைப்பிரிவில் கேப்டனாக இருந்த லூயிஸ் எமிலியோ 1891இல் எழுதிய வரலாற்றைப் படமும் கையுமாகப் படித்தால் இந்த இடைவெளி புரியும்.

ஸ்ட்ரீமிங்கில் இன்று இருக்கும் படம் நாளை இருக்காது, ஆகவே டிஸ்க்தான். அதிலும் ஒரு சிக்கல்: டிவிடி அந்தந்த மண்டலத்துப் பிளேயரில்தான் ஓடும்; அமெரிக்க டிவிடி பெரும்பாலும் மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் ஒன்றையும் கையோடு வாங்கிவிடுங்கள்.