டிஸ்டோபியா: பயத்தால் ஆளும் உலகமா, சுகத்தால் ஆளும் உலகமா?

முதலில் அந்தச் சொல். 1516-ல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் தன் நூலில் வரும் கற்பனைத் தீவுக்கு யுடோபியா என்று பெயர் வைத்தார். கிரேக்க வேர்ப்படி 'இல்லாத இடம்'. அதற்கு எதிராக 'கெட்ட இடம்' என்று பொருள்படும் டிஸ்டோபியா என்ற சொல்லை 1868-ல் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், அரசின் அயர்லாந்துக் கொள்கையைச் சாடும்போது பயன்படுத்தினார். கதைக்காரர்கள் கைக்கு அது அப்புறம்தான் வந்தது.

சரி, இரண்டு நாவல்கள். ஜார்ஜ் ஆர்வெலின் '1984' (வெளியானது 1949) முழுக்கப் பயம். வீட்டுச் சுவரில் ஆளைக் கண்காணிக்கும், முழுசாக அணைக்கவே முடியாத திரை. அதன் கண் படாத ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து கதைநாயகன் வின்ஸ்டன் நாட்குறிப்பு எழுதுகிறான், தேதியைப் போட்ட பிறகு இது 1984-தானா என்பதே அவனுக்கு நிச்சயமில்லை. அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) வேறு மாதிரி. எட்டு மாதக் குழந்தைகள் பூக்களையும் படப் புத்தகங்களையும் பார்த்துத் தவழ்ந்து போகும்போது சைரன் அலறுகிறது, தரையில் மின்சாரம் பாய்கிறது; பூவையும் புத்தகத்தையும் வெறுக்கப் பழக்கத்தான் இது. வளர்ந்த பிறகு பெரும்பாலும் மிரட்டவே தேவையில்லை, மனசு கலங்கினால் சோமா என்ற போதை மாத்திரை போதும்.

என்னை அதிகம் கலங்கடிப்பது ஹக்ஸ்லிதான், ஏனென்றால் வின்ஸ்டனுக்காவது தான் அடைபட்டிருப்பது தெரியும். 1949-ல் ஹக்ஸ்லியே ஆர்வெலுக்குக் கடிதம் எழுதி, வருங்கால ஆட்சியாளர்கள் தன் வழியைத்தான் பிடிப்பார்கள் என்றார். ஆனால் '1984'-ல் அரசு செய்வதுபோல மொழியைச் சுருக்கினால் யோசனையும் சுருங்கும் என்பதை ஆர்வெல் அளவுக்கு யாரும் காட்டவில்லை, அதனால் முதலில் அவரைப் படியுங்கள்.