கடலூரில் வாங்கிய மரப் பம்பரம்: ஒரு மாதம் ஆடிப் பார்த்த பிறகு

பள்ளி விடுமுறை தொடங்கியதும் புதுச்சேரியிலிருந்து பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் தாய்வீட்டுக்கு வந்தேன். மறுநாள் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரரைத் தரிசித்துவிட்டுத் திரும்பும் வழியில், பூசைப் பொருள்களோடு மரச் சாமான்களும் விற்கும் ஒரு சிறிய கடையில் இரண்டு பம்பரங்களை வாங்கினேன். ஒன்று 40 ரூபாய். அதைச் சுற்றி வீசும் கயிறான சாட்டை தனியே 10 ரூபாய். மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு எட்டு. ஒரு மாதம் மூவரும் நாள் தவறாமல் ஆடிய பிறகு இதை எழுதுகிறேன்.

கடைசலில் ஒரே கட்டையிலிருந்து கடைந்தெடுத்த பம்பரம் இது. கைக்கு அடக்கமாகவும் கனமாகவும் இருக்கிறது. சாட்டை வழுக்காமல் பதிவதற்காக அடிப்பக்கத்தில் வரி வரியாகப் பள்ளம் இட்டிருக்கிறார்கள். சிவப்பும் பச்சையுமாகப் பூசிய சாயம் இரண்டு வாரத்தில் ஆங்காங்கே உதிர்ந்துவிட்டது, ஆனாலும் மரத்தில் இன்றுவரை விரிசல் இல்லை. முன்பு நாங்கள் வாங்கிய பிளாஸ்டிக் பம்பரம் கனமில்லாததால் தரையில் துள்ளி ஓடிவிடும். இதுவோ நன்றாக விழுந்தால் விழுந்த இடத்தை விட்டு அசையாமல் சுழல்கிறது.

பம்பரத்தின் உயிர் அதன் ஆணியில் இருக்கிறது. நாங்கள் வாங்கியவற்றுள் ஒன்றில் ஆணி இம்மியளவு சாய்ந்திருந்தது. அந்த இம்மியளவுக்கே பம்பரம் தொடக்கத்திலிருந்து தலையை ஆட்டியது. மூன்றாம் நாள் அதைத் திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரப் பெரியவர் முகம் சுளிக்காமல் வாங்கி, ஆணியைத் தட்டி நிமிர்த்தி, அதன் முனையைக் கருங்கல் படியில் சுற்றிச் சுற்றித் தேய்த்துக் கொடுத்தார். "புது ஆணி தரையைக் குத்தும்மா, தேய்ச்சாத்தான் நின்னு சுத்தும்" என்றார். அன்று மாலையே வேறுபாடு தெரிந்தது. வாங்குவோர் பம்பரத்தின் தலையையும் ஆணியையும் இரு விரல்களுக்கிடையே பிடித்து, மெல்ல உருட்டிப் பார்த்து, ஆணி நடுவில் நேராக இறங்கியிருக்கிறதா என்று கடையிலேயே உறுதி செய்துகொள்வது நல்லது.

குறை சொல்ல வேண்டியது சாட்டையைத்தான். அவர்கள் கொடுத்தது நைலான் கயிறு. அது மரத்தைப் பற்றிக்கொள்ளாமல் பாதிச் சுற்றிலேயே நழுவுகிறது. பருத்தி நூலைப் பல புரிகளாக முறுக்கி என் அம்மா திரித்துக் கொடுத்த சாட்டைதான் கடைசிவரை உழைத்தது. அதன் நுனியை நனைத்து, ஆணியோடு அழுத்திப் பிடித்து, இடைவெளி விடாமல் மேல்நோக்கிச் சுற்றி, மறுமுனையின் முடிச்சை விரலிடுக்கில் மாட்டிக்கொண்டு, வீசிய கணத்தில் கையைப் பின்னுக்கு வெட்டியிழுக்க வேண்டும்.

எழுதும்போது எளிதாக இருக்கும் இந்த ஒரு வாக்கியத்தைக் கைக்குக் கற்பிக்க எனக்கு ஐந்து நாள்கள் ஆயின. சிறு வயதில் என் அண்ணனுக்குத்தான் பம்பரம் இருந்தது. பெண் பிள்ளை தெருவில் பம்பரம் விடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டதால், அவனுக்குச் சாட்டை சுற்றிக் கொடுப்பது மட்டுமே என் வேலை. ஆகவே சுற்றத் தெரிந்திருந்தது, வீசத் தெரியவில்லை. மகள் எனக்கு ஒரு நாள் முன்னதாகவே கற்றுக்கொண்டாள். அவளுடைய பம்பரம் முதன்முதலாக நிமிர்ந்து நின்று சுழன்றபோது, அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா, ஈரக் கையோடு அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்ற காட்சி என் கண்ணிலேயே இருக்கிறது.

பிறகு அண்ணன் வந்து ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பம்பரத்தை வீசி, சுழலும்போதே சாட்டையால் தூக்கிக் கையில் பிடிக்க வேண்டும். இதற்கு அபீட் எடுப்பது என்று பெயர். கடைசியாக எடுப்பவரின் பம்பரம் வட்டத்துக்குள் போகும், மற்றவர்கள் அதைக் குறிபார்த்துக் குத்துவார்கள். குத்தினால் விழும் ஆணித் தழும்புக்கு ஆக்கர் என்று பெயர். என் மகனுடைய பம்பரத்தில் இப்போது ஏழு ஆக்கர்கள் இருக்கின்றன. முதல் தழும்புக்கு அழுதவன், ஏழாவதைத் தெருப்பிள்ளைகளிடம் பெருமையாகக் காட்டினான்.

ஆணி கூர்மையானது என்பதால் செருப்பில்லாமல் ஆடவிடக்கூடாது. வீசுபவருக்கு எதிரே யாரும் நிற்கவும் கூடாது. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்க நான் துணிய மாட்டேன். அவர்களுக்கு நுங்கு வண்டியே போதும்: நுங்கைத் தின்று முடித்தபின் மிஞ்சும் பனங்காய் மட்டைகளான கூந்தல்கள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, கவைக் கொம்பால் தள்ளிக்கொண்டு ஓடலாம், செலவும் இல்லை. பம்பரத்துக்கு இறுகிய மண் தரையே ஏற்றது. தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரைக்கு எடுத்துப் போனபோது ஆணி மணலில் புதைந்து ஒரு சுற்றுகூடச் சுழலவில்லை. சிமெண்டுத் தரையில் நெடுநேரம் சுழலும், ஆனால் தரையில் கீறல் விழும். கத்திரி வெயில் காலத்தில் நாங்கள் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் மட்டுமே வேப்பமரத்தடியில் ஆடினோம்.

புதுச்சேரிக்குத் திரும்புவதற்கு முதல் நாள் அதே கடைக்குப் போய் மேலும் மூன்று பம்பரங்கள் வாங்கினோம், சாட்டை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிட்டோம். பெரியவர் இந்த முறை நாங்கள் கேட்பதற்கு முன்பே ஆணிகளைப் படிக்கல்லில் தேய்க்கத் தொடங்கியிருந்தார்.