ஏரிக்கரையா, குன்றுச் சரிவா: சீடர் பாயின்ட்டும் மேஜிக் மவுன்டனும்

அமெரிக்காவுக்கு வரும் நண்பர்களில் ரோலர் கோஸ்டர் ஆசை உள்ளவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, ஒரே ஒரு பூங்காவுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதற்குப் போவது என்பதுதான். எத்தனை பெயர்களைச் சொல்லிக் கழித்தாலும் கடைசியில் இரண்டுதான் மிஞ்சுகின்றன. ஒன்று, ஒஹாயோ மாநிலத்தின் சாண்டஸ்கி நகரில், ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நிலத்துண்டில் உள்ள சீடர் பாயின்ட். மற்றொன்று, லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடமேற்கே வலென்சியாவில் குன்றின் மேலும் அதன் சரிவிலுமாகப் பரந்திருக்கும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் மேஜிக் மவுன்டன். முதல் பூங்காவுக்கு ஐந்து முறையும் இரண்டாவதற்கு மூன்று முறையும் போயிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இந்தக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்தச் சாய்வு எல்லாச் சவாரிகளிலும் செல்லுபடியாகவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வயதில் சீடர் பாயின்ட் மூத்தது. 1870இல் ஏரிக் குளியலுக்கான கடற்கரை போன்ற இடமாகத் தொடங்கியது. மேஜிக் மவுன்டன் 1971இல் திறக்கப்பட்டது. 1979இல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் வசம் வந்தது. யாரிடம் அதிகமான கோஸ்டர்கள், யாருடையது உயரம் என்று இரண்டும் பல்லாண்டு காலம் மல்லுக்கட்டின. 2022இல் வொண்டர் வுமன் சவாரி வந்தபோது மேஜிக் மவுன்டனின் கணக்கு 20ஐத் தொட்டு, எண்ணிக்கைப் போட்டியில் அதன் கை ஓங்கியது. 2024 ஜூலையில் இரு பூங்காக்களின் தாய் நிறுவனங்களும் இணைந்துவிட்டதால், பங்காளிச் சண்டை போட்டவர்கள் இப்போது ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ரசிகர்களுக்குள் மட்டும் சண்டை ஓயவில்லை.

சவாரிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், உடலுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வேகத்தடையைத் தாண்டியவர்களுக்கு அந்த ஒரு நொடி தெரியும்: வண்டி கீழே இறங்கிவிட்டது, நாம் இன்னும் இறங்கவில்லை. கோஸ்டர் ரசிகர்கள் ஏர்டைம் என்று சொல்வது இதைத்தான். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது ரயில் கீழ்நோக்கி இழுக்கப்பட, உடல் இருக்கையை விட்டு எழும்பித் தொடைமேல் உள்ள கம்பியில் முட்டி நிற்கும். இதற்கு நேரெதிரானது அழுத்தம். பள்ளத்தின் அடியிலும் இறுக்கமான சுழலிலும் உடல் எடை மூன்று நான்கு மடங்காகி, கையைத் தூக்கவே முடியாமல் போகும். ரத்தம் கால்களை நோக்கி இறங்குவதால் சில நொடிகள் பார்வைகூட மங்கலாம். மிதப்பதற்காகப் போகிறவர் ஒரு சாதி, நசுங்குவதற்காகப் போகிறவர் வேறு சாதி. சீடர் பாயின்ட்டின் சிறந்த சவாரிகள் பெரும்பாலும் மிதக்க வைப்பவை. மேஜிக் மவுன்டனின் சிறந்தவை நசுக்கியும் புரட்டியும் எடுப்பவை. பின்வரும் தீர்ப்புகளைப் படிக்கும்போது, நான் மிதக்கிற கட்சி என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பிட வசதியாக, இரு பூங்காக்களும் ஒரே ஆண்டுகளில் ஒரே வகைச் சவாரிகளைக் கட்டியிருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் சீடர் பாயின்ட்டில் மில்லேனியம் ஃபோர்ஸ் வந்தது. அதே ஆண்டில் மேஜிக் மவுன்டனில் கோலியாத் வந்தது. மில்லேனியம் ஃபோர்ஸின் உயரம் 310 அடி, வேகம் மணிக்கு சுமார் 150 கிலோமீட்டர்; முழுச் சுற்றாக ஓடும், அதாவது முன்னும் பின்னுமாகப் போய்வராமல் தடத்தைச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் கோஸ்டர்களில் 300 அடியைத் தாண்டிய முதல் சவாரி அதுதான். கோலியாத் 235 அடி உயரம் கொண்டது. ஆனால் அதன் முதல் இறக்கம் தரைக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் போவதால் 255 அடி விழுகிறது, வேகம் மணிக்கு சுமார் 137 கிலோமீட்டர். கோலியாத்தின் அருமை இரண்டு இடங்களில் இருக்கிறது: வெயிலில் இருந்து இருட்டுக்குள் விழும் அந்த முதல் கணத்திலும், பிற்பாதியில் வரும் சுருளிலும். அந்தச் சுருளில் எனக்கு ஒவ்வொரு முறையும் பார்வையின் ஓரங்கள் சாம்பல் நிறமாகிவிடும். நடுவில் தடைக்கட்டை ரயிலைப் பிடித்து நிதானப்படுத்தும் இடத்தில் மட்டும் கதை ஒரு மூச்சு தளர்கிறது.

மில்லேனியம் ஃபோர்ஸில் அப்படிப்பட்ட இடைவெளி கிடையாது. சங்கிலிக்குப் பதிலாகக் கம்பிவடம் ரயிலை விறுவிறுவென்று மேலே இழுக்கும். உச்சியில் எங்கு திரும்பினாலும் ஏரி விரிந்து கிடக்கும். அடுத்த நொடி 80 பாகைச் சரிவில் விழுவோம். அதன் பிறகு நிலையத்துக்குத் திரும்பும்வரை வேகம் குறைந்ததாகவே தோன்றாது. இதில் மிதப்பு போதாது, வெறும் வேகம்தான் என்று குறை சொல்லும் ரசிகர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மிதக்கிற கட்சிக்காரனான நானே இதன் முன் வரிசையில் அந்திப்பொழுதில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் குறையை மறந்துவிடுகிறேன். இந்த ஜோடியில் வெற்றி சீடர் பாயின்ட்டுக்கு.

1994இன் ஜோடி வேறு விதம். ஸ்விட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனம் வடிவமைத்த, ரயில் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கி ஓடும் சவாரிகள் இவை. மேஜிக் மவுன்டனில் இருப்பது பேட்மேன். சீடர் பாயின்ட்டில் இருப்பது ராப்டர். காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. ராப்டர் 137 அடி உயரம், ஆறு தலைகீழ்ச் சுற்றுகள். பேட்மேன் 105 அடி, ஐந்து சுற்றுகள், நீளத்திலும் ஆயிரம் அடிக்கு மேல் குறைவு. ஆனாலும் என் ஓட்டு பேட்மேனுக்கு. சிறிய இடத்துக்குள் இறுக்கி முடிந்த முடிச்சுப் போல அமைந்திருப்பதால், ஒரு சுழலில் இருந்து உடல் மீள்வதற்குள் அடுத்தது வந்து விழுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் ஏறிய ஒரு நாளில், பக்கத்துத் தூண்கள் கட்டைவிரலை உரசிவிடும் என்று நினைத்துக் காலை மடக்கிக்கொண்டேன். அவை எட்டாத தூரத்தில்தான் இருக்கின்றன என்பது இறங்கிக் கீழிருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ராப்டர் நாகரிகமான சவாரி. பேட்மேன் சட்டையைப் பிடித்து உலுக்கும்.

இனி நான் அதிகம் வாதாடும் ஜோடிக்கு வருகிறேன். இரு பூங்காக்களிலும் வயதாகி ஆட்டம் கண்ட மாபெரும் மரக் கோஸ்டர் ஒன்று இருந்தது: மேஜிக் மவுன்டனில் 1978இன் கொலோசஸ், சீடர் பாயின்ட்டில் 1991இன் மீன் ஸ்ட்ரீக். இரண்டையும் ஐடஹோவின் ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனம் மறுபிறவி எடுக்க வைத்தது. மரச் சாரத்தைப் பெருமளவு வைத்துக்கொண்டு, அதன் மேல் முறுக்கியும் சாய்த்தும் வளைக்கக்கூடிய எஃகுத் தண்டவாளத்தைப் பதிப்பது அவர்கள் முறை. வெளியில் இருந்து பார்த்தால் பழைய மரக்காடு. உள்ளே ஓடுவதோ மரம் தாங்கவே முடியாத வளைவுகள். 2015இல் கொலோசஸ், ட்விஸ்டட் கொலோசஸ் ஆனது. 2018இல் மீன் ஸ்ட்ரீக், ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆனது.

ட்விஸ்டட் கொலோசஸின் யோசனை அற்புதமானது. பழைய கொலோசஸில் இணையாக இரண்டு தடங்கள் இருந்தன. இப்போது அவை ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, ஒரே ரயில் முதலில் ஒரு தடத்திலும், இன்னொரு ஏற்றத்தில் ஏறி அடுத்த தடத்திலும் ஓடுகிறது. ஒரு ரயில் இரண்டாவது ஏற்றத்தில் இருக்கும்போது அடுத்த ரயில் முதல் ஏற்றத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பந்தயமாக ஓடும். ஓரிடத்தில் இரு ரயில்களும் ஒன்றை நோக்கி ஒன்று சாய, எதிர் ரயிலில் இருப்பவரின் உள்ளங்கையில் தட்டிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் பந்தயம் அமைவது நேரப் பொருத்தத்தைச் சார்ந்தது. நிலையத்தில் யாரோ ஒருவர் கச்சையைப் பூட்டத் தடுமாறினாலே பொருத்தம் தவறிவிடும். பந்தயம் அமைந்த சவாரியும் அமையாத சவாரியும் இரண்டு வேறு சவாரிகள் என்றே சொல்வேன். முந்தையது எனக்கு வாய்த்தபோது, பக்கத்து ரயிலில் இருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்துப் பழிப்புக் காட்டிக்கொண்டே முந்திப் போனார். அந்த மனநிலையை வேறெந்தக் கோஸ்டரும் எனக்குத் தந்ததில்லை.

ஸ்டீல் வெஞ்சன்ஸுக்குத் துணைக்கு இன்னொரு ரயில் தேவையில்லை. 205 அடி உயரம், செங்குத்தான 90 பாகை இறக்கம், மணிக்கு சுமார் 119 கிலோமீட்டர் வேகம், நான்கு தலைகீழ்ச் சுற்றுகள், 5,740 அடி நீளம். மொத்த மிதப்பு நேரம் 27.2 நொடி என்பது பூங்கா அறிவித்த கணக்கு. 27 நொடி என்றால் சொற்பமாகத் தெரியலாம். சாதாரணமாக நல்ல கோஸ்டர் ஒன்றில் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு நொடி, ஒன்றரை நொடி கிடைத்தாலே நாங்கள் கொண்டாடுவோம். இதன் பிற்பாதியில் ரயில் மரச் சாரத்துக்கு உள்ளேயே புகுந்து, சட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்ன மேடுகளை அடுத்தடுத்துத் தாண்டும்போது, இருக்கையில் உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு, எழும்பியிருந்த நேரம் எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. கடைசி வரிசை இதில் கூடுதல் வேகத்தோடு உச்சியைத் தாண்டும். முன்பெட்டிகள் ஏற்கெனவே இறங்கத் தொடங்கி அதை இழுப்பதுதான் காரணம். இறங்கியபின் தொடைகளில் கம்பி பதிந்த சிவப்புக் கோடு மாலைவரை இருந்தது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த ஒரு சவாரிக்காகவே சாண்டஸ்கிவரை வண்டி ஓட்டலாம்.

மேஜிக் மவுன்டனில் உள்ள எக்ஸ்2வுக்கு நிகரானது சீடர் பாயின்ட்டில் கிடையாது. 2002இல் எக்ஸ் என்ற பெயரில் வந்து, 2008இல் புதுப்பிக்கப்பட்டது. இருக்கைகள் தண்டவாளத்தின் இருபுறமும் சிறகு போல நீட்டிக்கொண்டிருக்கும். ஓடுவதற்கு ஒரு ஜோடித் தண்டவாளம், இருக்கையைச் சுழற்றுவதற்குத் தனியே இன்னொரு ஜோடி. முதல் இறக்கத்திலேயே இருக்கை புரண்டு, முகம் தரையை நோக்கத் தலைகுப்புற 215 அடி விழுவோம். அடுத்து எந்தப் பக்கம் வானம், எந்தப் பக்கம் தரை என்பதை ஊகிக்கும் முயற்சியை நான் இரண்டாவது சவாரியோடு கைவிட்டேன். முதல் தடவை, வாகன நிறுத்தத்தில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு நேரே இதில் ஏறியது என் சொந்தப் புத்திசாலித்தனம். அதன்பின் ஒரு மணி நேரம் நிழலில் பெஞ்சில் கிடந்தேன். 2006இல் வந்த டாட்சுவும் இந்தப் பூங்காவுக்கே உரியது. குப்புறப் படுத்த நிலையில் பறக்க வைக்கும் இந்தச் சவாரி குன்றின் மேல் கட்டப்பட்டிருப்பதால், தரை சட்டென்று கீழே விலகிப் போகும்போது உயரம் கூடிவிட்டது போலத் தோன்றுகிறது. குன்று என்பது சீடர் பாயின்ட்டிடம் இல்லாத செல்வம்.

அதே குன்று கால்களுக்குப் பகை. ஜூலை மதியத்தில், காய்ந்த உள்நாட்டு வெயிலில், உச்சியில் உள்ள ஒரு சவாரியில் இருந்து மறுபுறச் சவாரிக்கு ஏறி இறங்கி நடப்பதே தனிச் சவாரி. சீடர் பாயின்ட் தட்டையான நிலம், ஏரிக்காற்று வீசும், கடற்கரை மணலும் 1905இல் கட்டப்பட்ட ஹோட்டல் பிரேக்கர்ஸும் பூங்காவை ஒட்டியே இருக்கின்றன. ஆனால் அந்தக் காற்று பலமாக வீசினால், இடியும் சேர்ந்தால், உயரமான சவாரிகள் நிற்கத்தான் செய்யும். ஒஹாயோ குளிரில் பூங்கா மே முதல் அக்டோபர் முடியும்வரைதான் ஓடுகிறது. டிசம்பர் விடுமுறையில் வருகிறவருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை, கலிஃபோர்னியாதான்.

பழமையை மதிப்பவர்களுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு கோயில் உண்டு. மேஜிக் மவுன்டனின் ரெவல்யூஷன் 1976இல் ஜெர்மானியப் பொறியாளர் அன்டன் ஷ்வார்ஸ்கோஃப் கட்டியது; நவீன காலத்தில் செங்குத்து வளையத்தை வெற்றிகரமாகக் கொண்டுவந்த முதல் எஃகுக் கோஸ்டர் அது. நூறாண்டுகளுக்கு முந்தைய வளையங்கள் முழு வட்டமாக இருந்ததால் நுழையும்போதே கழுத்தை ஒடித்தன. இதில் வளையம் நீர்த்துளி வடிவில், அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் இருக்கிறது. சீடர் பாயின்ட்டின் மேக்னம் 1989இல் முதன்முதலாக 200 அடியைத் தாண்டிய முழுச்சுற்றுக் கோஸ்டர். ரெவல்யூஷன் இன்று மென்மையான பாட்டி. மேக்னத்தின் கடைசி மேடுகளோ இன்னும் இருக்கையில் இருந்து தூக்கி எறிகின்றன. மேலே ஏவிவிடும் 400 அடி கோபுரங்களில், மேஜிக் மவுன்டன் 1997இலேயே 415 அடிக்குச் சூப்பர்மேனை எழுப்பியது. சீடர் பாயின்ட் 2003இல் 420 அடிக்கு டாப் த்ரில் டிராக்ஸ்டரைக் கட்டியது. அதன் மறு அவதாரமான டாப் த்ரில் 2 2024 மேயில் திறந்து சில நாட்களிலேயே நின்று, 2025இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. இவற்றை ஒரு நாள் பயணத்துக்கான காரணமாக நான் எப்போதும் வைப்பதில்லை, ஓடினால் லாபம்.

அடுத்த கோடையில் அண்ணன் மகளை அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். சவாரிகளில் ஏறக் குறைந்தபட்ச உயரம் உண்டு. அவள் 48 அங்குலத்தைத் தாண்டிவிட்டாள். 54க்கு இன்னும் நான்கு விரற்கடை குறைவு. அதனால் பேட்மேனும் டாட்சுவும் ராப்டரும் அவளுக்கு இல்லை. மில்லேனியம் ஃபோர்ஸும் மேக்னமும் கோலியாத்தும் உண்டு. கோலியாத்தின் சுருளில் கண்ணை இருட்டுவதையெல்லாம் முதல் சவாரியாக அவளுக்குக் காட்ட மனமில்லை. ஜூன் முதல் வாரத்தில், வார நாள் ஒன்றில், சாண்டஸ்கிக்குத்தான் சீட்டு எடுக்கப்போகிறேன். அவள் முதலில் எதில் ஏறுவாள் என்று அண்ணி கேட்டார்கள். மேக்னத்தின் கடைசி வரிசை என்று சொல்லியிருக்கிறேன்.